கால்ஷீட் காசோடு கணக்கு தீர்ந்ததா?

கேள்வி: சினிமாப் பாட்டுக்கு வயலினோ தபேலாவோ வாசித்தவருக்கு அன்றைக்கே சம்பளம் கொடுத்தாகிவிட்டது. அவரும் ராயல்டி கேட்டால் எப்படி? வீடு கட்டிய கொத்தனார் வாடகையில் பங்கு கேட்பாரா?
- வாசகர் ஒருவர், கோவில்பட்டி

பதில்: இதை இசையமைப்பாளரிடம் ஏன் கேட்கவில்லை? அவரும் சம்பளம் வாங்கித்தான் மெட்டுப் போட்டார். 1977-இல் உச்ச நீதிமன்றம் உங்கள் கட்சிதான்: வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், காசு கொடுத்துப் போடச் சொன்ன தயாரிப்பாளருக்கே பாட்டு சொந்தம் என்றது. ஆனால் அதே தீர்ப்பில் நீதிபதி கிருஷ்ணய்யர் தனிக்குறிப்பு எழுதி ஆதங்கப்பட்டார். ஜனங்கள் திரண்டு வருவது பாடுகிறவரையும் வாசிக்கிறவரையும் கேட்க. சட்டமோ காகிதத்தில் எழுதிய இசைக்கு மட்டும்தான் காவல் நிற்கிறது என்று.

அது மாற வெகுகாலம் ஆனது. பதிப்புரிமைச் சட்டத்தின் 1994 திருத்தத்தில் நிகழ்த்துகலைஞர் உரிமை வந்தது. 2012-இல் வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டியும் உண்டு என்று எழுதினார்கள். நிகழ்த்துகிறவர் பட்டியலில் வாத்தியக்காரர் இருக்கிறார், பாம்பாட்டிகூட இருக்கிறார். ஆக, அவர் கேட்பது சலுகை அல்ல.

சிக்கல் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு நிபந்தனையில். படத்தில் போகிறபோக்கில் வந்துபோகிற, வழக்கமாக டைட்டிலில்கூடப் பெயர் போடாத ஆளுக்கு இந்த ராயல்டி உரிமை கிடையாது. கூட்டத்தில் நிற்கும் துணை நடிகரை நினைத்து எழுதியதாக இருக்கும் என்பது என் ஊகம். ஆனால் பெயர் போடாத வயலின்காரரையும் இதே வரியைக் காட்டித் திருப்பி அனுப்பலாம். பல்லவிக்கு முன்னால் வருகிற புல்லாங்குழல் போகிறபோக்கில் வந்ததா? கோர்ட்டில் வாதாடலாம்தான். வக்கீல் ஃபீஸை யார் கொடுப்பது?

ரெக்கார்டிங் தியேட்டரில் நடப்பது தெரியுமா? வாத்தியக்காரர்களை ஏற்பாடு செய்யும் கோ-ஆர்டினேட்டர் போன் செய்வார். போய் ஹெட்போனை மாட்டி, ஸ்டாண்டில் இருக்கும் நோட்ஸைப் பார்த்து நாலைந்து பிட் வாசித்துவிட்டு வவுச்சரில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. என்ன படம் என்றே சில நேரம் தெரியாது. அந்தக் காலத்தில் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே டேக்கில் வாசித்தது. இப்போது ஆளுக்கொரு டிராக். வெட்டி எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம். ஒட்டிய இடத்துக்கெல்லாம் புது கால்ஷீட் போட்டுக் காசு கொடுப்பார்களா?

ஐரோப்பிய யூனியன் 2011-இல் ஒலிப்பதிவுப் பாதுகாப்பை 50 ஆண்டிலிருந்து 70 ஆக்கியது. கூடுதலாகக் கிடைத்த காலத்தில் வரும் வருமானத்தில் 20 சதவீதத்தை, ஒரே தடவை சம்பளம் வாங்கிக்கொண்டு போன கலைஞர்களுக்காக நிறுவனங்கள் ஒதுக்க வேண்டும் என்றும் சொன்னது. அங்கே யாரும் கொத்தனார் கதை சொல்லித் தப்பிக்க முடியவில்லை.

இங்கே பணப் பேச்சுக்கு முன்பு, வாசித்தவர் பெயரை டைட்டிலிலும் யூடியூபில் பாட்டுக்குக் கீழேயும் போடட்டும். நிபந்தனையைக் காட்டித் தப்பிக்கும் வழி அதிலேயே பாதி அடைபடும். ரஹ்மான் கேசட் காலத்திலேயே, உள்ளங்கை அகல உறையில் வாத்தியக்காரர்கள் பெயரைப் போட்டார். மற்றவர்களுக்கு இன்றைக்கும் இடம் போதவில்லையாம்.