காபன் வரி: மனம் இருக்கிறது, நம்பிக்கை இல்லை

நிரோஷன், ஸ்காபரோ: அண்ணா, பூமி சூடாவதைக் குறைக்கக் காசு தருவீர்களா என்று கேட்டால் எல்லோரும் ஓம் என்கிறார்கள். பெற்றோல், எரிவாயு போன்றவற்றை எரிப்பதற்குக் காபன் வரி வந்தால் எதிர்க்கிறார்கள். பொய் சொல்கிறார்களா?

பதில்: பொய் இல்லை, தம்பி. 125 நாடுகளில் சுமார் 1,30,000 பேரிடம் கேட்ட ஆய்வு ஒன்று 2024இல் வெளியானது. மாத வருமானத்தில் 1 சதவீதம் தரத் தயார் என்றவர்கள் 69 சதவீதம். 'உங்கள் நாட்டில் எத்தனை பேர் தருவார்கள்?' என்று கேட்டபோது சராசரியாகச் சொன்னது 43 சதவீதம். நான் தருவேன், பக்கத்து வீட்டுக்காரர் தரமாட்டார் என்ற எண்ணம்தான் என்னை வருத்துகிறது. வாயால் தருவேன் என்பதற்குச் செலவு இல்லை என்பதும் உண்மை. கையில் இருந்து போகும்போது அந்த எண்ணிக்கை குறையும்.

மேரி, பிரம்டன்: கனடாவில் வரியைத் திருப்பித் தந்தார்களே, பிறகு ஏன் எடுபடவில்லை?

பதில்: திரும்பி வந்தது கண்ணில் படவில்லை, அக்கா. எரிபொருள் வெளியிடும் காபனீரொட்சைட்டு ஒரு தொன்னுக்கு 2019இல் வரி 20 டொலர், 2024 ஏப்ரலில் 80. பெற்றோலில் அது லீற்றருக்கு 17.6 சதம். வாரம் 50 லீற்றர் அடித்தால் வருடத்துக்குச் சுமார் 458 டொலர். வீட்டைச் சூடாக்கும் எரிவாயுவிலும் வரி உண்டு, சரி. ஆனால் 2024-25இல் ஒன்ராறியோவில் நான்கு பேர் குடும்பத்துக்குத் திரும்பி வந்தது 1,120 டொலர். பெற்றோல் விலை தினமும் பெரிய எழுத்தில் தெரு முனையில் நிற்கிறது. திரும்பும் காசோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை சத்தமில்லாமல் வங்கிக் கணக்கில் விழும். ஆரம்பத்தில் அதுகூட இல்லை, வருமான வரிக் கணக்கோடு கலந்துவிட்டது. அப்புறம் 2023 ஒக்டோபரில் வீட்டுச் சூட்டு எண்ணெய்க்கு மட்டும் விலக்கு. எரிவாயு பாவிப்பவர்கள் 'எங்களுக்கு ஏன் இல்லை?' என்று கேட்டது நியாயம்தானே. 2025 ஏப்ரல் 1 முதல் பொதுமக்கள் கட்டிய வரி நின்றது. பெரிய தொழிற்சாலைகளுக்கு இன்னும் உண்டு.

சுதா, மார்க்கம்: எங்காவது மக்கள் வாக்குப் போட்டு ஏற்றிருக்கிறார்களா?

பதில்: சுவிஸில் 2021 ஜூனில் எரிபொருளுக்கும் விமானச் சீட்டுக்கும் கட்டணம் கூட்டும் சட்டத்தை 51.6 சதவீதம் பேர் தோற்கடித்தார்கள். 2023இல் புதிய வரி இல்லாமல், பழைய எண்ணெய்ச் சூடாக்கியை மாற்ற உதவிப் பணம் தரும் சட்டத்துக்கு 59.1 சதவீதம் ஆதரவு. அமெரிக்காவின் வோஷிங்டன் மாநிலம் 2016, 2018 இரண்டிலும் காபன் கட்டணத்தை நிராகரித்தது. காபனுக்குக் காசு வாங்கும் வேறொரு திட்டம் சட்டசபை வழியாக வந்து, அந்தக் காசு பஸ்களுக்கும் பிள்ளைகளின் இலவசப் பயணத்துக்கும் போனது. அதை ஒழிக்கட்டுமா என்று 2024இல் கேட்டபோது, சுமார் 62 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.