ஒரு நிழலும் ஒரு கூட்டமும்

கேள்வி: ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ கணினி விளையாட்டு என்றாலே முதல் பாகத்தைத்தான் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறீர்கள். மாடிக் கூரை, கப்பல், குகை, பறக்கும் கம்பளம் என்று விரியும் இரண்டாம் பாகத்தைக் கண்டுகொள்வதே இல்லை. வெறும் பழம்பாசம்தானே இது? — ஒரு வாசகர்

பதில்: பாசத்தில் பழசு, புதுசு எங்கே வந்தது? முதலாவது 1989, அடுத்தது 1993. இரண்டுமே கிழடுகள்தான்.

முதல் பாகத்தை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவிட்டு, தாவவிட்டு வீடியோ எடுத்து, அசைவு அசைவாகப் பார்த்து இளவரசனை வரைந்தார். ஆப்பிள் II கணினியின் நினைவகத்தில் பெரும்பகுதியை அந்தப் படங்களே அடைத்துக்கொண்டன. எதிரிக்கென்று தனியாக வரைந்து சேர்க்க இடமில்லை. என்ன செய்தார்? இளவரசனின் படங்களையே கொஞ்சம் உருமாற்றி, நிழல் மனிதன் ஒருவனை உண்டாக்கிவிட்டார். வழியில்லாமல் பிறந்தவன்தான் அந்த விளையாட்டின் உயிர்.

நான்காம் கட்டத்தில் கண்ணாடி ஒன்று வழிமறிக்கும். ஓடிப்போய் அதற்குள் பாய்ந்தால் நிழல் பிரிந்து எதிர்ப்பக்கம் ஓடும். திரையில் முக்கோணங்களாகத் தெரியும் உங்கள் உயிர் ஒரே ஒரு முக்கோணமாக இறங்கிவிடும். அடுத்த கட்டத்தில் நீங்கள் குடிக்க வேண்டிய மருந்தை அவன் குடித்துவிட்டுப் போவான். அதற்கும் அடுத்ததில் நீங்கள் தாவும் நேரம் பார்த்துக் கதவை இறக்குவான். கடைசியில், பன்னிரண்டாம் கட்டத்தில், கத்தியோடு எதிரே நிற்பான். ஆத்திரத்தில் ஒரு வெட்டு வெட்டினால் உங்கள் உயிரும் சேர்ந்து குறையும். அங்கேதான் உறைக்கும். கத்தியை உறையில் போட்டுவிட்டு நேரே நடந்தால் இருவரும் ஒன்றாகிவிடுவீர்கள். ஒரு வரி வசனம் கிடையாது. ஆடுகிறவரே யோசித்துக் கண்டுபிடிக்கலாம்.

இரண்டாம் பாகத்திலும் நிழல் உண்டு. ‘தி ஷேடோ அண்ட் தி ஃபிளேம்’ (நிழலும் சுடரும்) என்று விளையாட்டின் பெயரிலேயே இருக்கிறது. ஆனால் உடலை விட்டு நிழலாக வெளியேற என்ன வழி தெரியுமா? நின்ற இடத்திலேயே இடமும் வலமுமாக மாறி மாறித் திரும்ப வேண்டும். இது யாருக்குத் தோன்றும்? பக்கத்திலிருப்பவர் சொன்னால்தான் உண்டு.

சண்டையும் அப்படித்தான். முதல் பாகத்தில் ஒருவனுக்கு ஒருவன். எதிரி எப்போது கத்தியை ஓங்குகிறான் என்று பார்த்துத் தடுக்க வேண்டும். இரண்டாவதில் காவலர்கள் கூட்டமாக வருகிறார்கள்; பார்ப்பதற்கு நேரமில்லை, வீசிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். விளையாட்டை முடிக்கும் கெடு 60 நிமிடத்திலிருந்து 75 ஆனது. பதற்றம் அந்த அளவு கூடவில்லை.

நீங்கள் சொன்ன கூரையை மட்டும் நானும் ஒப்புக்கொள்கிறேன். ஜன்னலை உடைத்துக்கொண்டு குதித்து, துரத்துகிறவர்களுக்குப் போக்குக் காட்டி, கிளம்பும் கப்பலைத் தாவிப் பிடிக்கும் அந்த முதல் கட்டம் அபாரம். அதற்கு இணையான தொடக்கம் முதல் பாகத்தில் கிடையாது. அங்கே பாதாளச் சிறையில் பேசாமல் போட்டுவிடுவார்கள்.

ஆகவே முதல் பாகத்தை முழுக்க முடியுங்கள். இரண்டாவதைக் கப்பல் ஏறும்வரை ஆடுங்கள். அதற்கப்புறம் உங்கள் பாடு.