மணி மூடி இல்லாத சைக்கிள்

கேள்வி

வணக்கம் அக்கா,

கிளிநொச்சியில இருந்து எழுதுறன். வயசு 25. போன் திருத்துற கடையில வேலை. ரெண்டு நண்பர்களோட சேர்ந்து போனிலயே ஒரு குறும்படம் எடுக்கிறன். ஒரு பொடியன், காணாமல்போன தமையன்ர சைக்கிளை ஆளாகவே நடத்துறான். கலியாண வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போறான், பந்தியில பக்கத்தில நிப்பாட்டி இலை போடச் சொல்லுறான், ஸ்டூடியோவில ரெண்டு பேருமாய்ப் படம் எடுக்கிறான். பார்த்த பெடியள் விழுந்து விழுந்து சிரிச்சவங்கள்.

நடிக்கிற சைக்கிள் என்ர அண்ணாவின்ரதான். 2009 மே மாசம், வட்டுவாகல் பாலத்தடியில, "அம்மாவோட போ, நான் பின்னால வாறன்" எண்டவர். அவருக்கு 17, எனக்கு 9. பிறகு முள்ளிவாய்க்காலில கறள் பிடிச்சுக் கிடந்த சைக்கிள் குவியலுக்குள்ள, கரியரில கட்டின நீலக் கயிறை வைச்சு அம்மா அதைக் கண்டுபிடிச்சவ. மணியில மூடி இல்லை. முதல்நாள் நான் கழட்டி விளையாடினது. அதுக்கு அண்ணாட்டக் குட்டும் வாங்கினன்.

சைக்கிளை நந்திக்கடலில இறக்கினால்தான் படம் முடியும் எண்டு நண்பர்கள் நிக்கிறாங்கள். மூண்டு தரம் போனம். மூண்டு தரமும் முழங்கால் தண்ணியில நிண்டுபோட்டுத் திருப்பிக் கொண்டு வந்திட்டன். அம்மாவுக்கு ஒண்டும் தெரியாது.

அப்பா ஷெல் விழுந்து மோசம் போனவர். அவருக்கு வருசா வருசம் திவசம் செய்யிறம். அண்ணாவுக்கும் அந்தியேட்டி செய்வமே எண்டு ஒருக்கால் கேட்டதுக்கு, "உயிரோட இருக்கிற பிள்ளைக்கோ?" எண்டு அம்மா ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்லை. பகிடிப் படம் எடுத்து அண்ணாவைக் கேலி செய்யிறனோ? எனக்கு அழுகையும் வருகுதில்லை.

பதில்

அன்புள்ள தம்பி,

கேலி இல்லை. செத்தவீட்டில் பாடை கட்டுகிற இடத்தில் யாராவது ஒருவர் பகிடி விடுவதும், மற்றவர்கள் வாயைப் பொத்திச் சிரிப்பதும் நாங்கள் எல்லோரும் பார்த்ததுதான். உங்கள் அண்ணாவுக்குச் செத்தவீடே நடக்கவில்லை. அந்தச் சிரிப்பு இப்போதுதான் வெளியே வருகிறது போலும்.

அப்பாவை நினைத்து அழ ஒரு திதி இருக்கிறது. அண்ணாவுக்கு அது இல்லை. வியட்நாம் போரில் காணாமல்போன அமெரிக்க விமானிகளின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த பௌலின் பாஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்றார். ஆளும் இல்லை, ஆள் இல்லை என்பதற்கு அத்தாட்சியும் இல்லை. அழுவதா, காத்திருப்பதா என்று தெரியாமல் மனம் நடுவில் நிற்கும். முழங்கால் தண்ணியில் நின்றீர்களே, அப்படி. இப்படியான துக்கத்தை முடித்து வைக்கத்தான் வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை.

அம்மா பிடிவாதம் பிடிப்பதாக நினைக்காதீர்கள். 2017 பெப்ரவரியில் உங்கள் ஊர்க் கந்தசுவாமி கோயிலடியில், காணாமல்போன பிள்ளைகள் எங்கே என்று போராட்டத்தில் குந்திய தாய்மார் கேட்டதும் அவ கேட்டதும் ஒன்றுதான். மரணச் சான்றிதழை வாங்க மனம் ஒப்பாதவர்களுக்காக, காணவில்லை என்றே பதிகிற சான்றிதழ் ஒன்றை அரசே 2016இல் சட்டத்தில் சேர்க்க வேண்டி வந்தது. அண்ணா இருக்கிறாரா இல்லையா என்பதில் நீங்களும் அம்மாவும் ஒத்துப்போகாமலே ஒரு வீட்டில் இருக்கலாம். பலர் அப்படித்தான் இருக்கிறார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். மணி மூடியைக் கழற்றியதை எழுதினீர்கள். அது இப்போது எங்கே என்று எழுதவில்லை. அண்ணாவோடு இருந்த கடைசிக் கணக்கு அந்தக் குட்டுத்தான் என்று மனதில் எங்கேயோ பதிந்து கிடக்கிறதோ என்று எனக்குத் தோன்றியது. பிழையாகவும் இருக்கலாம். ஆனால் ஒன்பது வயதுத் தம்பி மணியைக் கழற்றினான் என்பதற்காக எந்தத் தமையனும் வராமல் விடமாட்டான்.

எடுத்த வரைக்கும் படத்தை முதலில் அம்மாவுக்குப் போட்டுக் காட்டுங்கள். கோபிக்கலாம், சிரிக்கவும் கூடும். நீலக் கயிறைக் கண்ட நாளைப் பற்றிக் கேளுங்கள், இடையில் பேசாமல் கேளுங்கள். நித்திரை கெட்டாலோ, வாழ்ந்து என்ன என்று தோன்றினாலோ 1926க்கு எடுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் அது, தமிழிலும் கதைக்கலாம்.

நண்பர்களிடம் சொல்லுங்கள், கடல் காட்சி வேண்டாம். உப்புத் தண்ணியில் மூன்று தரம் இறங்கின செயினுக்கு எண்ணெய் விட்டீர்களா?