பட்டாளத்து வரைபடமும் பசலிக் கணக்கும்

வாசகர் கேள்வி – பதில்

(போன இதழில் போர் நூல்கள் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, பெர்னார்ட் ஃபால் என்ற பெயரைப் போகிற போக்கில் சொல்லிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு கடிதம் மேல் கடிதம். சரி, இந்த முறை முழுக்க அவரே.)

யார் இந்த ஃபால்? நான் கேள்விப்பட்டதே இல்லையே! — விருதுநகர் வாசகர்

வியட்நாம் போரைப் பற்றி எழுதியவர்களுக்குப் பஞ்சமே இல்லை. பெரும்பாலானோர் எல்லாம் முடிந்த பிறகு எழுதினார்கள். அமெரிக்கத் தரைப்படை அங்கே முழுதாக இறங்குவதற்கு நான்கு வருடம் முன்பே, முன்பு அங்கே ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் அதே மண்ணில் எப்படித் தோற்றார்கள் என்று புத்தகம் போட்டவர் ஃபால். அது வெளிவந்தது 1961-ல்.

1926-ல் வியன்னாவில் பிறந்த யூதர். 1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவைச் சேர்த்துக்கொண்டதும் குடும்பம் பிரான்சுக்கு ஓடியது. அங்கேயும் ஜெர்மானியர்கள் வந்து சேர்ந்தார்கள். அப்பாவை நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோ கொன்றது. அம்மாவை ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள், அவர் திரும்பவில்லை. பையன் 16 வயதில் பிரெஞ்சு எதிர்ப்புப் படையில் சேர்ந்துவிட்டான். பிறகு முறையான பிரெஞ்சு ராணுவத்தில் 1946 வரை இருந்தார். ஒளிந்திருந்து அடிப்பது எப்படி இருக்கும், ஊர்க்காரர்கள் யாருக்குச் சோறு போடுவார்கள், யாரைக் காட்டிக்கொடுப்பார்கள் என்பதெல்லாம் அவருக்குப் புத்தகப் படிப்பு கிடையாது.

போர் முடிந்ததும், நாஜிகள் மீதான நியூரம்பெர்க் விசாரணையில் ஆய்வாளர் வேலை. ஆயுதம் செய்து கொடுத்த க்ருப் நிறுவனத்தின் மீதான வழக்குக்கு ஆவணம் திரட்டியவர்களில் அவரும் ஒருவர். இருபது வயதைத் தாண்டியதும் கோப்புக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்தவர். வருவாய்த் துறையில் காலம் தள்ளியவன் என்ற முறையில் எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். பின்னால் அவர் செய்த காரியங்களுக்கு விதை இங்கேதான் விழுந்தது என்பது என் எண்ணம்.

1951-ல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகம். மறு வருடம் கோடைகால வகுப்பு ஒன்றில், இந்தோசீனாவை (வியட்நாம், லாவோஸ், கம்போடியா) எடுத்துக்கொள்ளச் சொல்லி ஒரு பேராசிரியர் தூண்டினார். அன்றைக்கு அமெரிக்காவில் அதைப் படிக்க ஆள் இல்லை. இவருக்கோ பிரெஞ்சு தாய்மொழி மாதிரி, கையில் பிரெஞ்சுக் குடியுரிமை. 1953-ல் சொந்தக் காசைப் போட்டு ஹனோய்க்குப் போனார். 1955-ல் முனைவர் பட்டம். 1956 முதல் வாஷிங்டனில், கறுப்பின மாணவர்களுக்காக எழுந்த ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலை. கடைசி வரை அங்கேதான்.

பேராசிரியர் என்கிறீர்கள். பிறகு போர்முனைக்கு எதற்குப் போனார்? நூலகத்தில் உட்கார்ந்து எழுதினால் ஆகாதா? — மன்னார்குடி ஆசிரியை

போனார், சரி. ஆனால் போய் எதைப் பார்த்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது, டீச்சர்.

1953. ஹனோயில் பிரெஞ்சு ராணுவம் வரைபடம் மாட்டி விளக்கம் கொடுக்கிறது. செந்நதி டெல்டாவில் பெரும்பகுதி எங்கள் கையில், அங்கங்கே சில பொட்டுகள் மட்டும் எதிரிகளான கம்யூனிஸ்டுகளிடம் என்கிறார்கள். இவர் அதை வியட்நாமிய நண்பர்களிடம் சொன்னால் அவர்கள் சிரிக்கிறார்கள். யார் சொல்வது நிஜம்? இன்னொரு ராணுவ அதிகாரியைப் போய்க் கேட்டால் இன்னொரு வரைபடம்தான் கிடைக்கும்.

ஃபால் நேராக வரி வசூல் பதிவுகளைத் தேடிப் போனார். எந்தெந்தக் கிராமம் அரசாங்கத்துக்கு வரி கட்டுகிறது, எது கட்டவில்லை என்று ஊர் ஊராகப் பார்த்தார். வரி வராத ஊரில் எத்தனை காவல் கோபுரம் இருந்தாலும் அங்கே அரசாங்கம் இல்லை. அடுத்து, பள்ளிக்கூட வாத்தியார்கள். அங்கே ஆசிரியர்களை நியமிப்பது மத்திய அரசு. அரசாங்கத்தின் பிடி இருக்கிற ஊரில் வாத்தியார் போய்ப் பாடம் நடத்துவார். பிடி இல்லாத ஊரில் வாத்தியார் இருக்கமாட்டார். இரண்டையும் வரைபடத்தில் ஏற்றினால் ராணுவத்தின் படம் தலைகீழாகிவிட்டது. பிரெஞ்சுக் காவல் வரிசைக்கு உள்ளேயே, டெல்டாவின் சுமார் 70 சதவீதம் கம்யூனிஸ்டுகள் கையில்!

நான் எழுத்தராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். ஒவ்வொரு பசலிக்கும், அதாவது வருவாய் ஆண்டுக்கும், நடக்கிற ஜமாபந்தி என்ற கணக்குத் தணிக்கைக்குக் கிராமக் கணக்குகள் மூட்டையாக வந்து இறங்கும். அடங்கல் என்ற பயிர்க் கணக்கைப் புரட்டி, கிஸ்தி (நிலவரி) பாக்கியை ஒரு பார்வை பார்த்தால், ஊருக்குள் கால் வைக்காமலே அந்த ஊரில் யார் சொல் எடுபடுகிறது என்று எங்கள் பழைய வருவாய் ஆய்வாளர் சொல்லிவிடுவார். “பாக்கி நிற்குதுன்னா பணம் இல்லேன்னு அர்த்தம் இல்ல தம்பி, பயம் இல்லேன்னு அர்த்தம்” என்பார். ஃபால் புத்தகத்தை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

1957-ல் ஃபால் மறுபடி போனார். அதற்குள் பிரெஞ்சுக்காரர்கள் தோற்று, நாடு கம்யூனிஸ்டு வடக்கு, அமெரிக்க ஆதரவுத் தெற்கு என்று பிரிந்திருந்தது. தெற்கே நிலைமை நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். இவர் உள்ளூர்ச் செய்தித்தாள்களில் மரண அறிவிப்புகளைப் பார்த்தார். கிராமத் தலைவர்கள் சாகிறார்கள், கிட்டத்தட்ட நாளைக்கு ஒருவர். கொன்றது யார்? ‘அடையாளம் தெரியாதவர்கள்’, ‘கொள்ளையர்கள்’. ஒரு வருடக் கணக்கைத் திரட்டினால் 452 பேர் தேறினார்கள். அந்த ஊர்களைப் படத்தில் புள்ளி வைத்தார். பிறகு கொரில்லாத் தாக்குதல் நடந்த இடங்களையும் குறித்தார். அதற்கு அவர் தகவல் கேட்டுப் போன இடங்களில் ஒன்று பன்னாட்டுக் கண்காணிப்பு ஆணையம். 1954 ஜெனீவா ஒப்பந்தப்படி வந்த அந்த ஆணையத்துக்குத் தலைமை இந்தியா, கூடவே கனடாவும் போலந்தும். புள்ளிகள் இரண்டும் அதே இடங்களில் கொத்துக் கொத்தாக விழுந்தன. போர் ஆரம்பமாகிவிட்டது என்று அந்தப் படமே சொன்னது. அதை யாரும் இன்னும் போர் என்று அழைக்க ஆரம்பிக்கவில்லை, அவ்வளவுதான்.

கீழே இருந்து கவிழ்க்கப்படுகிற அரசாங்கம் சண்டையில் தோற்பதில்லை, நிர்வாகத்தில் தோற்கிறது என்பது அவர் பின்னாளில் அமெரிக்கக் கடற்படைப் போர்க்கல்லூரியில் ஆற்றிய உரையின் சாரம். அந்த உரையில் ஒரு சமன்பாடும் உண்டு: புரட்சிப் போர் என்பது கொரில்லா முறைகள் கூட்டல் அரசியல் வேலை. அமெரிக்கர்கள் கூட்டல் குறிக்கு இடது பக்கத்தை மட்டும் ஹெலிகாப்டரில் ஏறித் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அவர் கம்யூனிஸ்டு ஆதரவாளர் என்று எங்கோ படித்தேன். உண்மையா? — கோவை வாசகர்

இல்லை. ஆனால் அமெரிக்க உள்நாட்டுப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.க்கும் உங்கள் சந்தேகம் இருந்தது. அவரைப் பின்தொடர்ந்தார்கள், தொலைபேசியை ஒட்டுக்கேட்டார்கள். ஒரு பக்கம் ராணுவமே அவரைக் கூப்பிட்டு, ஃபோர்ட் பிராக் முகாமில் சிறப்புப் படையினருக்குப் பாடம் எடுக்கச் சொல்கிறது. இன்னொரு பக்கம் அரசாங்கமே காதை ஒட்டவைத்துக்கொண்டிருக்கிறது. கணவர் மேல் இப்படிக் கோப்பு இருந்ததை மனைவி டோரதி பின்னால் 2006-ல் வெளியான தன் நூலில் எழுதினார்.

சந்தேகத்துக்குத் தீனி போட்டது 1962 பயணம். ஹனோயில் வட வியட்நாம் பிரதமர் ஃபாம் வான் டோங்கைப் பேட்டி காணப் போனார். அந்நாட்டின் தலைவர் ஹோ சி மின்னும் வந்து சேர்ந்துகொண்டார். ஃபாலின் பழைய புத்தகம் ஒன்றில் டோரதி வரைந்த ஹோவின் படம் இருந்தது. எங்கே என் படம் என்று கேட்டு வாங்கிப் பார்த்த கிழவர், நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லி, வரைந்தவருக்கு மேசையில் இருந்த பூங்கொத்தைக் கொடுத்தனுப்பினாராம். அதே பேட்டியில், பிரெஞ்சுக்காரர்களை விரட்ட எட்டு வருடம் ஆயிற்று, அமெரிக்கர்கள் பலசாலிகள், அதனால் பத்து வருடம் ஆகலாம் என்றும் சொன்னார். எண்ணிப் பாருங்கள், கணக்கு பெரிதாகத் தப்பவில்லை.

வடக்கின் ஒரு கட்சி ஆட்சியை ஃபால் கொண்டாடவில்லை. அமெரிக்கா கம்யூனிசத்தை எதிர்ப்பதில் அவருக்குச் சண்டை இல்லை, எதிர்க்கிற விதத்தில்தான் சண்டை. 1959-ல் வட வியட்நாம் லாவோஸுக்குள் படையெடுத்துவிட்டது என்று அமெரிக்கப் பத்திரிகைகள் அலறியபோது, அங்கேயே இருந்த ஃபால் விசாரித்துப் பார்த்து, இது ஊதிப் பெருக்கிய கதை என்றார். அந்த மாதிரி ஆளை எந்தப் பக்கத்துக்குத்தான் பிடிக்கும்?

நவீன ஆயுதங்கள் பற்றி அவர் என்ன நினைத்தார்? — சென்னை வாசகர்

1965-ல் ஸ்கைரெய்டர் என்ற குண்டுவீச்சு விமானத்தில் உட்கார்ந்து அவரே போய்ப் பார்த்தார். இலக்கு, தெற்குக் கோடியில் ஒரு மீன்பிடிக் கிராமம். முதலில் நாபாம் என்ற தீக்குண்டு, ஆட்கள் வெளியே ஓடிவர. பிறகு மற்ற குண்டுகள். கீழே படகுகள் தெரிந்ததையும், எந்த ஆளையும் முகம் பார்க்காமலே வேலை முடிந்துவிட்டதையும் எழுதினார். முகமில்லாப் போர் என்கிற பொருளில் கட்டுரைக்குத் தலைப்பும் வைத்தார்.

அங்கிருந்து அவர் எழுத்தின் சுருதியே மாறுகிறது. அமெரிக்கா தோற்குமா என்ற கேள்வி பின்னால் போய், இந்தக் குண்டு மழையில் வியட்நாம் என்கிற நாடும் பண்பாடும் மிஞ்சுமா என்ற கேள்வி முன்னால் வந்துவிடுகிறது. இதில் அவர் பயந்த அளவுக்கு நடக்கவில்லை, வியட்நாம் மிஞ்சியது. கொடுத்த விலை வேறு கணக்கு.

எப்படி இறந்தார்? — மதுரை வாசகி

மத்திய வியட்நாமில் ஹுவேக்கும் குவாங் ட்ரிக்கும் இடையே முதலாம் எண் நெடுஞ்சாலையை ஒட்டிய மணல் திட்டுக் கிராமங்களுக்குப் பிரெஞ்சுச் சிப்பாய்கள் ‘மகிழ்ச்சியில்லாத தெரு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். 1953 ஜூலையில் பெரும் படையோடு அங்கே வளைத்துப் பிடிக்கப் போய் வெறுங்கையோடு வந்தார்கள். ஃபாலின் பேர்பெற்ற புத்தகத்துக்கும் அதுதான் தலைப்பு. 1967 பிப்ரவரி 21 அன்று அதே பகுதியில் அமெரிக்க மரீன் ரோந்துப் படையோடு நடந்துகொண்டிருந்தார். கையில் டேப் ரெக்கார்டர். பார்ப்பதைப் பேசிப் பதிவு செய்துகொண்டே போகிறார். ஏதோ சரியில்லை, பதுங்கித் தாக்கப் போகிறார்களோ என்று சொல்ல வாயெடுக்கும்போது கண்ணிவெடி. கூட வந்த மரீன் புகைப்படக்காரரும் போய்விட்டார். ஃபாலுக்கு வயது 40. மூன்று பெண் குழந்தைகள். கொஞ்ச காலமாகவே உள்ளுக்குள் ஒரு கடும் நோய் வேறு இருந்தது அவருக்கு.

தெரிந்தே ஏன் போனார் என்று கேட்பீர்கள். பதினாறு வயதிலிருந்தே போரை அருகில் இருந்து பார்த்துப் பழகியவர் அவர்.

இவ்வளவு எழுதியும் யாராவது கேட்டார்களா? — திருச்சி வாசகர்

படித்தார்கள். இளம் அதிகாரிகள் ‘மகிழ்ச்சியில்லாத தெரு’வைப் பையில் வைத்துக்கொண்டே வியட்நாமுக்குப் போனார்கள். முடிவெடுக்கிற மேசைக்குத்தான் அது போகவில்லை. அங்கே இரண்டு முறை பணிபுரிந்து, பின்னாளில் முப்படைகளின் தலைமைத் தளபதியான காலின் பவல், 1995-ல் வந்த தன் வரலாற்றில் ஆதங்கப்படுகிறார்: கென்னடியோ ஜான்சனோ ஒரு வார இறுதியை ஒதுக்கி இந்தப் புத்தகத்தைப் படித்திருந்தால், திங்கட்கிழமை காலையே வெளியேற வழி தேட ஆரம்பித்திருப்பார்கள் என்று. எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. வசூல் பூஜ்யம் என்று கீழே இருந்து குறிப்பு போனாலும், மேலே போகப் போக அது ‘திருப்திகரம்’ ஆகிவிடுகிற விந்தையை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

அவர் நூல்களில் எதை முதலில் வாசிக்கலாம்? தமிழில் சொல்லுங்கள், ஆங்கிலம் எனக்குக் கொஞ்சம் தகராறு. — சிவகாசி வாசகர்

ஆங்கிலத்தில்தான் வாசிக்க வேண்டியிருக்கும், ஆனால் பயப்படாதீர்கள். அவருக்கும் ஆங்கிலம் பின்னால் வந்த மொழிதான். வாக்கியம் சுற்றி வளைக்காது. ‘ஸ்ட்ரீட் வித்தவுட் ஜாய்’ (மேலே சொன்ன ‘மகிழ்ச்சியில்லாத தெரு’)தான் முதலில். அதிலும் பிரெஞ்சு ராணுவத்தின் நூறாம் எண் நடமாடும் படைப்பிரிவு 1954-ல் மத்திய மலைநாட்டுச் சாலைகளில் சிதைந்த அத்தியாயத்தைப் பிரியுங்கள். கொரியாவில் போரிட்டுப் பேர் வாங்கிய சிப்பாய்கள் அதில் இருந்தார்கள். லாரி வரிசை, புல் உயரம், எந்த மைல் கல்லில் எந்தப் பிரிவு மாட்டியது என்று அத்தனையும் இருக்கும்.

அடுத்து, பிரெஞ்சுக்காரர்கள் கடைசியாகத் தோற்ற டியென் பியென் பூ முற்றுகையைப் பற்றிய ‘ஹெல் இன் எ வெரி ஸ்மால் ப்ளேஸ்’. 1954 மார்ச் 13 முதல் மே 7 வரை, நாள்வாரியாக. கனமான புத்தகம்; குன்றுகளுக்கெல்லாம் பெண் பெயர் வைத்திருப்பார்கள், எது எங்கே என்று குழம்பும். ஒரு தாளில் படம் போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள். இரண்டுக்கும் நேரம் இல்லையென்றால் அந்தக் கடற்படைக் கல்லூரி உரையை மட்டும் தேடிப் பிடியுங்கள். சில பக்கங்கள்தான். வாத்தியார் கணக்கும் 452 கிராமத் தலைவர்களும் அதில்தான் இருக்கிறார்கள்.