கறுப்புக் கோட்டுக்கு முன்னால்: வாசகர் கேள்வி – பதில்

பல்கலைக்கழகச் சட்டபீடங்களுக்குத் தெரிவான பிள்ளைகளும், சட்டக் கல்லூரிக்குப் போகக் காத்திருக்கிறவர்களும், அவர்களின் பெற்றோரும் எழுதிய கடிதங்கள் இந்த முறை நிறைய. அநேகமாக எல்லாமே எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் இருந்துதான். நான் இங்கே நீதிமன்றத்தில் தொழில் செய்கிறவள் என்பதால் என்னைப் பதில் எழுதச் சொன்னார்கள். ஒரே விஷயத்தை நாலைந்து பேர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (மூதூர், மாணவி): அக்கா, ஏ.எல். வரைக்கும் முழுக்கத் தமிழில் படித்தவள் நான். ஆங்கிலத்தில் சட்டப் புத்தகத்தைத் திறந்தாலே நெஞ்சு படபடக்கிறது. என்னால் முடியுமா?

முடியும் தங்கச்சி. ஆனால் உங்கள் பயம் வெறும் பயம் இல்லை, அதற்குக் காரணம் இருக்கிறது, அதை மறைத்து ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை. விரிவுரை எந்த மொழியில் நடந்தாலும் உயர் நீதிமன்றத்தினதும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தினதும் தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தக் கொண்டுவந்த ஒழுங்குவிதி 2023 மார்ச்சில் பாராளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டது, அது எங்கள் பிள்ளைகளுக்கு நல்ல செய்தி. அதற்காக ஆங்கிலத்தை ஒதுக்கி வைத்தால் நட்டம் உங்களுக்குத்தான்.

ஒரு வழி சொல்கிறேன், இன்றைக்கே தொடங்கலாம். அரசியலமைப்பு தமிழிலும் இருக்கிறது, ஆங்கிலத்திலும் இருக்கிறது, பாராளுமன்ற இணையத்தளத்தில் காசில்லாமல் எடுக்கலாம். அடிப்படை உரிமைகள் வருகிற மூன்றாம் அத்தியாயத்தை இரண்டு மொழியிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு நாளைக்கு ஒரு உறுப்புரை மட்டும் வாசியுங்கள். 12ஆம் உறுப்புரையைத் தமிழில் விளங்கிக்கொண்டு பிறகு ஆங்கிலத்தில் பார்த்தால், அகராதி இல்லாமலே பாதிச் சொல் பிடிபடும். பழகின சொற்களில்தான் கூடுதல் கவனம் வேண்டும். ‘கன்சிடரேஷன்’ என்றால் யோசனை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள், ஒப்பந்தச் சட்டத்தில் அது கைமாறாகக் கொடுக்கிற பெறுமதி. ‘இன்ஸ்ட்ரூமென்ட்’ என்றால் எழுதிக் கையொப்பமிட்ட ஆவணம். இப்படி வருகிற சொற்களை ஒரு கொப்பியில் ஆங்கிலம், தமிழ், சிங்களம் என்று மூன்று நிரலாக எழுதி வையுங்கள். சிங்களத்தையும் விட்டுவிடாதீர்கள், பொலிஸ் பதிவிலும் திணைக்களக் கடிதத்திலும் அது வந்து நிற்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை ஒருவரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். வடக்குக் கிழக்கில் கீழ் நீதிமன்றங்களின் மொழி தமிழ், அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை அதைச் சொல்கிறது. நான் கனிஷ்ட சட்டத்தரணியாக இருந்த காலத்தில் ஒரு காணி வழக்கு. சாட்சிக் கூண்டில் எழுபது வயது தாண்டிய ஒரு அம்மா. “குறித்த ஆதனத்தின் அனுபவிப்பில் தாங்கள் தொடர்ச்சியாக இருந்தீர்களா?” என்று கேட்டார்கள். அந்த அம்மா சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார். என்னுடைய சீனியர் எழும்பி, “அம்மா, அந்த வளவில தேங்காய் ஆர் பறிச்சது?” என்றார். அவ்வளவுதான். எந்த வருடம் எந்த மரம் பட்டது, வேலி ஆர் அடைத்தது, இடம்பெயர்ந்து போகும்போது கிணற்றை எதனால் மூடிவிட்டுப் போனது என்று அந்த அம்மா பத்து நிமிடம் நிற்காமல் சொன்னார். வழக்குக்கு வேண்டிய ஆட்சி, அதாவது காணியை யார் வைத்து அனுபவித்தார்கள் என்பது, பற்றிய சாட்சியம் முழுக்க அதில் இருந்தது. அதோடு முதல் கேள்வி விடையை வாயில் ஊட்டுகிற கேள்வி, இரண்டாவது அப்படி இல்லை. அதை முதலாம் வருடத்திலேயே உங்களுக்குச் சொல்லித் தருவார்கள் என்று நினைக்காதீர்கள். மூதூரில் பிறந்து வளர்ந்த உங்களுக்கு அந்த இரண்டாவது கேள்வி ஏற்கனவே தெரியும். ஆங்கிலம் படிக்கப் போகிற அவசரத்தில் அதைத் தொலைத்துவிட வேண்டாம்.

கேள்வி (உப்புவெளி, மாணவர்): தொடங்க முதல் என்ன புத்தகங்கள் வாங்க வேண்டும்? ஒரு சீனியர் அண்ணா நீண்ட பட்டியல் தந்திருக்கிறார்.

இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம் தம்பி. விரிவுரையாளர் எதைப் பாவிக்கிறார் என்று தெரிந்த பிறகு, நூலகத்தில் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சட்டங்கள் திருத்தப்படுகின்றன, பழைய பதிப்பை வாங்கி வைத்துவிட்டுப் பிழையான பிரிவைப் படிக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அரசியலமைப்பு மட்டும் கையில் இருக்கட்டும், அதிலும் கடைசித் திருத்தம் வரை சேர்த்த பிரதியா என்று பாருங்கள்.

கேள்வி (கிண்ணியா, மாணவர், இதே கேள்வியை நகரத்தில் இருந்தும் மூன்று பேர்): வழக்குத் தீர்ப்பு வாசிப்பது எப்படி? எதைக் குறித்து வைப்பது? எல்லாமே முக்கியம் போலத் தெரிகிறது.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஆறுதலாகச் சொல்கிறேன்.

ஒரு வழக்கையே எடுத்துப் பார்ப்போம், எங்கள் ஆட்கள் எல்லோரும் பெயராவது கேள்விப்பட்ட கோடீஸ்வரன் வழக்கு. அவர் ஒரு தமிழ் அரசாங்க ஊழியர். சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1956ஆம் ஆண்டு அரசகரும மொழிச் சட்டம் வந்த பிறகு, சிங்களப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும் என்று சுற்றறிக்கை வருகிறது. அவர் சித்தி பெறவில்லை, 1962இல் சம்பள உயர்வை நிறுத்துகிறார்கள். அவர் சட்டமா அதிபருக்கு எதிராகக் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடுகிறார். 1964இல் அங்கே வெல்கிறார். 1967இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றுகிறது. பிறகு அந்தக் காலத்தில் எங்கள் நாட்டுக்குக் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், 1969 டிசம்பரில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. பிரிவி கவுன்சில் எதைத் தீர்மானித்தது? ஊரில் பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர், “சிங்களம் மட்டும் சட்டம் செல்லாது என்று தீர்த்தது” என்பார்கள். அப்படித் தீர்க்கவில்லை. உயர் நீதிமன்றம் மொழிக் கேள்விக்குள் போகவே இல்லை, அரச ஊழியர் தன் சம்பளத்துக்காக அரசுக்கு எதிராக வழக்குப் போட முடியாது என்ற ஒரு காரணத்தோடு நிறுத்திக்கொண்டது. பிரிவி கவுன்சில் அந்த ஒரு காரணத்தைத்தான் பிழை என்றது: போடலாம், சம்பளம் கேட்டு வழக்காடலாம். மொழிச் சட்டம் செல்லுமா என்பதை உயர் நீதிமன்றமே பார்க்கட்டும் என்று திருப்பி அனுப்பியது. பிறகு 1972இல் புதிய அரசியலமைப்பு வந்தது, அந்தப் பெரிய கேள்விக்கு இறுதி விடை கிடைக்காமலே போனது.

தீர்ப்பு வாசிப்பது என்றால் இதுதான். என்ன நடந்தது, நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி எது, அந்தக் கேள்விக்கு என்ன விடை, எந்தக் காரணத்தால் அந்த விடை. நான்கையும் உங்கள் சொந்த வசனத்தில், ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் எழுதுங்கள். அந்தக் காரணத்தைத்தான் ‘ரேஷியோ’ என்று வகுப்பில் சொல்வார்கள், நீதியரசர் போகிற போக்கில் சொன்ன மற்றக் கருத்துகள் ‘ஒபிட்டர்’. முதல் வாசிப்பில் கையில் பேனை எடுக்கவே வேண்டாம், கதை போல வாசித்து முடியுங்கள். இரண்டாவது தரம் வாசிக்கும்போது கேள்வியை மட்டும் தேடுங்கள். வழக்கு எந்த நீதிமன்றத்தில் இருந்து எந்த நீதிமன்றத்துக்கு வந்தது என்று ஓரத்தில் ஒரு சின்னப் படம் கீறி வைத்தால் பாதிக் குழப்பம் தீரும். மஞ்சள் பேனையால் பக்கம் முழுக்க நிறம் தீட்டுவதால் ஒரு பிரயோசனமும் இல்லை. இன்னொருவர் எழுதிய சுருக்கக் குறிப்பை வாங்கிப் பாடமாக்கினால், மேலே சொன்ன அந்த ஒன்பது பேரில் நீங்களும் ஒருவராகிவிடுவீர்கள். தீர்ப்பு முழுக்கவும் சட்ட அறிக்கைகளில் இருக்கிறது. நியூ லோ ரிப்போர்ட்ஸ் 72ஆம் தொகுதியில் தேடி எடுங்கள், முதல் வழக்காக அதையே வாசிக்கலாம்.

கேள்வி (தம்பலகாமம், தந்தை): மகளை அப்புக்காத்து ஆக்க வேண்டும் என்பது என் ஆசை. பல்கலைக்கழகம் முடித்த உடனே கோட்டுப் போடலாமா? தொழில் கிடைக்குமா?

ஐயா, அப்புக்காத்து (அட்வகேட்), பிரக்கிராசி (புறொக்டர்) என்ற இரண்டு வகைச் சட்டத் தொழிலாளரையும் 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டம் ஒன்றாக்கிவிட்டது. அது நடைமுறைக்கு வந்த 1974 முதல் எல்லோரும் சட்டத்தரணிகள்தான்.

உடனே கோட்டுப் போட முடியாது. பட்டப்படிப்பு நான்கு வருடம், அதன் பிறகு கொழும்பு புதுக்கடையில் உள்ள இலங்கைச் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளை எழுத வேண்டும், பிறகு ஒரு மூத்த சட்டத்தரணியின் கீழ் 6 மாதம் பயிற்சி, அதற்கும் பிறகுதான் உயர் நீதிமன்றத்தின் முன் சத்தியப்பிரமாணம். நேரே சட்டக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு அங்கே மூன்று வருடம், பிறகு அதே பயிற்சி. அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. சட்டக் கல்லூரிக்குக் கட்டணம் உண்டு, அங்கே இருந்து படிக்கிற செலவும் உண்டு, அதை இப்போதே கணக்கில் வையுங்கள். மகாபொல புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கத் தவற வேண்டாம்.

தொழில் கிடைக்குமா என்றால், சத்தியப்பிரமாணம் செய்த முதல் இரண்டு மூன்று வருடம் கையில் காசு வராது, குடும்பம் தாங்க வேண்டியிருக்கும். இதைத் தெரியாமல் இடையில் மனம் உடைந்தவர்களை எனக்குத் தெரியும், அதனால்தான் பச்சையாகச் சொல்கிறேன். ஆனால் இந்த மாவட்டத்தில் வேலை இருக்கிறது ஐயா, அதுவும் காணி வேலை. யுத்தத்தில் காணி உறுதிப் பத்திரம் தொலைந்த குடும்பங்கள், இடம்பெயர்ந்திருந்த காலத்தில் தங்கள் காணியில் வேறு ஆட்கள் குடியேறிவிட்ட குடும்பங்கள். பத்து வருட ஆட்சியை வைத்து இன்னொருவர் உரிமை கோரும்போது, இடம்பெயர்ந்தவர்களைப் பாதுகாக்கவென்று 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அப்படி ஒன்று வந்ததே கன பேருக்குத் தெரியாது. மகள் தமிழில் நொத்தாரிசுத் தகைமையும் எடுத்தால் உறுதி எழுதலாம். அதற்குத் தனிப் பரீட்சை உண்டு.

கேள்வி (சாம்பல்தீவு, மாணவி): எனக்கு மேடைப் பேச்சு வராது. வாதாட முடியாதவர் சட்டம் படிக்கலாமா?

படிக்கலாம். எங்கள் நீதவான் நீதிமன்றத்தில் ஒரு காலை வேளை பின் வாங்கில் போய் இருந்து பாருங்கள், வழக்கு விசாரணை பொதுமக்கள் முன்னால்தான் நடக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரையே சொல்கிறது, ஆகவே வரலாம். அடக்கமான உடுப்பு, தொலைபேசியை முழுக்க நிறுத்தி வைக்க வேண்டும், நீதவான் வரும்போது எழும்பி நிற்க வேண்டும். அங்கே யாரும் முழங்குவதில்லை. பிணை கேட்கிற சட்டத்தரணி மூன்று நிமிடத்தில், தணிந்த குரலில், தேவையான நாலு விஷயத்தைச் சொல்லிவிட்டு இருக்கிறார். பைலை வடிவாக வாசித்துக்கொண்டு வந்தவர் யார், வராதவர் யார் என்று உங்களுக்கே விளங்கிவிடும்.

கேள்வி (நகரம், பெயர் ஊர் வேண்டாம் என்று கேட்டவர்): பகிடிவதையை நினைத்தால் போகவே மனமில்லை.

1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை குற்றம். 2 வருடம் வரை கடூழியச் சிறை, பாலியல் தொந்தரவோ பாரதூரமான காயமோ என்றால் 10 வருடம் வரை. எல்லோரும் பொறுத்துக்கொண்டதுதானே என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். நடந்த திகதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் அன்றிரவே எழுதி வையுங்கள், வந்த குறுஞ்செய்திகளை அழிக்க வேண்டாம். வீட்டில் ஒருவருக்குக் கட்டாயம் சொல்லுங்கள். பீடாதிபதிக்கோ மாணவ ஆலோசகருக்கோ எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். எனக்கும் எழுதலாம், நான் பதில் போடுவேன். போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள், அந்த இடம் நீங்கள் படித்து எடுத்தது.

கேள்வி (குச்சவெளி, மாணவர்): என்ன மடிக்கணினி வாங்க வேண்டும்?

எழுதவும் வாசிக்கவும்தானே, விலை கூடினது தேவையே இல்லை. பாவித்ததாக இருந்தாலும் மின்கலம் ஐந்தாறு மணித்தியாலம் நிற்க வேண்டும். அதைவிட முக்கியம், தமிழ் தட்டச்சு பழகுங்கள். யூனிகோடும் வேண்டும், பாமினி என்கிற பழைய எழுத்துருவும் வேண்டும், இங்கே இன்னும் கன அலுவலகங்களில் ஆவணம் பாமினியில்தான் வரும்.

கேள்வி (நிலாவெளி, மாணவி): தொடங்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் சும்மா வந்து இருந்து பழகலாமா?

தாராளமாக. உங்கள் ஊர்ப் பக்கத்தில் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் பெற்றோரோடு போய்க் கேளுங்கள், முக்கால்வாசிப் பேர் ஓம் என்பார்கள். முதல் நாள் பெரிதாக ஒன்றும் தர மாட்டார்கள், பைல்களைத் திகதிப்படி அடுக்கச் சொல்வார்கள், வழக்குத் திகதிகள் எழுதிய தவணைக் கொப்பியைப் பார்த்து அடுத்த நாள் வழக்குகளை எழுதச் சொல்வார்கள். அதைச் சின்ன வேலையாக எண்ண வேண்டாம். ஒரு தவணை பிழையாக எழுதப்பட்டதால், வழக்கை எங்களிடம் தந்த கட்சிக்காரர் வெருகலில் இருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து திரும்பிப் போனதை நான் பார்த்தேன், அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. அலுவலகத்தில் கேட்டது எதையும் வீட்டில்கூடக் கதைக்கக் கூடாது, இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். வரும்போது ஒரு கொப்பியும் இரண்டு பேனையும் கொண்டு வாருங்கள், காலை எட்டு மணிக்கே வந்துவிடுங்கள், நீதிமன்றத்துக்குப் போக முதல் கட்சிக்காரர்கள் வந்து கதைக்கிற நேரம் அதுதான்.