ஒரே மலை, இரண்டு பக்கமும் பாலைவனம்

கேள்வி: மகளின் அட்லஸைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தென் அமெரிக்காவில் அட்டகாமா பாலைவனம் ஆண்டிஸ் மலைக்கு மேற்கே இருக்கிறது. படகோனியா பாலைவனம் அதே மலைக்குக் கிழக்கே இருக்கிறது. மலை மழையைத் தடுப்பதுதான் காரணம் என்றால் இரண்டும் ஒரே பக்கம்தானே இருக்க வேண்டும்?
– வாசகி, ஈரோடு

பதில்: 31 வருடம் பள்ளியில் புவியியல் நடத்தியவன் நான். வரைபடத்தைப் பார்த்தே இப்படி ஒரு கேள்வி எழுந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆண்டிஸைக் கரும்பலகையில் ஒரே கோடாக இழுத்துவிட்டு, "காற்று எந்தப் பக்கமிருந்து வருது?" என்றுதான் பிள்ளைகளிடம் முதலில் கேட்பேன்.

அட்டகாமா இருக்கும் வடபகுதியில் காற்று கிழக்கிலிருந்து வருகிறது. அமேசான் பக்கத்து ஈரத்தை மலையின் கிழக்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. சரி, மேற்கே பசிபிக் கடல் இருக்கிறதே, அங்கிருந்து மழை வரக் கூடாதா? வராது. ஹம்போல்ட் என்ற குளிர் நீரோட்டம் சிலியின் கரையை ஒட்டியே ஓடுகிறது. அதன்மேல் படும் காற்று குளிர்ந்து, கனத்து, கீழேயே தங்கிவிடும். உயரத்திலிருந்து இறங்கும் வெப்பக் காற்று அதன்மேல் மூடி போட்டதுபோல் உட்கார்ந்துகொள்ளும். மேலே எழும்ப முடியாத காற்றில் மழைமேகம் திரளாது, மூடுபனிதான் மிஞ்சும். அரிகா நகரின் ஆண்டுச் சராசரி மழை 1 மில்லிமீட்டர்கூட இல்லை!

அந்த மூடுபனிக்கு அங்கே 'காமன்சாகா' என்று பெயர். பாலைவனத்தின் தெற்கு ஓரத்தில் உள்ள சுங்குங்கோ என்ற மீனவ கிராமம், 1990களில் மலைமேல் பெரிய வலைகளைக் கட்டி, அவற்றில் படியும் பனித்துளிகளைக் குழாயில் இறக்கிக் குடிதண்ணீராக்கியது. இதைச் சொல்லும்போது கடைசி பெஞ்சுப் பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

தெற்கே போனால் காற்று திசை மாறிவிடுகிறது. அங்கே வீசுவது பசிபிக்கிலிருந்து வரும் மேலைக்காற்று. சிலிப் பக்கத்தில் அடர்ந்த காடும் பனியாறுகளும் அதனால்தான். மலையைத் தாண்டி அர்ஜென்டினாவில் இறங்கும்போது அந்தக் காற்று வறண்டுவிடுகிறது. படகோனியாவின் பெரும்பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோதான் மழை.

பாலைவனம் என்றதும் மணல்மேடும் கொளுத்தும் வெயிலும் மனதில் வந்தால், தயவுசெய்து அதை மாற்றிக்கொள்ளுங்கள். அட்டகாமாவில் பெரும்பாலும் கல்லும் உப்பும்தான். படகோனியா குளிர்ப் பாலைவனம். சரளைக்கல், முட்புதர், கொத்துக்கொத்தாகப் புல், ஓயாத காற்று. ஆனால் ஆண்டிஸில் உருகும் பனி, சுபுத் போன்ற ஆறுகளாக அதைக் கடந்து அட்லாண்டிக் வரை ஓடுகிறது. 1865இல் வேல்ஸிலிருந்து வந்து குடியேறியவர்கள் சுபுத் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிக் கோதுமை விளைவித்தார்கள். அட்டகாமாவிலோ கடல்வரை போய்ச் சேரும் ஆறு அபூர்வம். லோவா ஆறு அதில் ஒன்று.

மகளிடம் ஒரு பென்சிலைக் கொடுங்கள். பெரு நாட்டுக் கரையில் தொடங்கி, அட்டகாமா வழியாக ஆண்டிஸைக் குறுக்கே தாண்டி, படகோனியாவின் அட்லாண்டிக் கரை வரை சாய்வாக ஒரு பட்டை தீட்டச் சொல்லுங்கள். அந்தக் கண்டத்தின் வறண்ட நிலம் பெரும்பாலும் அந்தப் பட்டைக்குள் வந்துவிடும்.