சோர் பஜாரில் போலக்ஸ்: வாங்கலாமா?

கேள்வி: மாட்டுங்காவில் இருக்கிறோம். சோர் பஜார் மட்டன் தெருக் கடையொன்றில் மூன்று லென்ஸ் வைத்த போலக்ஸ் டி8எல் சினி கேமரா பார்த்தேன். சாவி கொடுத்தால் ஓடுகிறது. 12,000 ரூபாய் கேட்கிறார்கள். வரும் தையில் அப்பாவுக்குச் சதாபிஷேகம். அதை ஃபிலிமில் எடுக்க ஆசை. கோடக் சூப்பர் 8 ஃபிலிம் இதில் போடலாமா?

பதில்: போட முடியாது. பலர் ஏமாறுவது இங்கேதான். சூப்பர் 8 என்பது 1965-ல் கோடக் கொண்டுவந்த பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜ். உங்கள் கேமரா அதற்கு முந்தைய முறை. 16 மி.மீ. அகலத்தில் 25 அடிச் சுருள் வேண்டும். ஒரு பாதி ஓடியதும் சுருளைத் திருப்பிப் போட்டு மறுபாதியை எடுக்க வேண்டும். கழுவிய பிறகு லேபில் நீளவாக்கில் இரண்டாக வெட்டி ஒட்டித் தருவார்கள். மொத்தமே 4 நிமிடப் படம். செக் நாட்டு ஃபோமா நிறுவனம் இந்தச் சுருளைக் கறுப்பு வெள்ளையில் தயாரிக்கிறது. ஃபிலிம் வரவழைக்க, கழுவ, ஸ்கேன் செய்ய என்ன ஆகும் என்று விசாரித்துவிட்டு அப்புறம் கேமராவுக்குப் பணம் கொடுங்கள்.

கேமரா அருமையானது, அதில் சந்தேகமில்லை. இதைச் செய்த பேயார் நிறுவனம் ஸ்விட்சர்லாந்தில் இசைப்பெட்டியும் கிராமபோனும் செய்து ஸ்பிரிங் வேலையில் கைதேர்ந்தது. பேட்டரியே இல்லாமல் படம் ஓடும் என்பதால் இத்தனை வருடம் கழித்தும் இவை உயிரோடு இருக்கின்றன. பழைய சூப்பர் 8 கேமராக்களில் பேட்டரி கசிந்து உள்ளே பச்சை பூத்துக் கிடப்பது சகஜம்.

கடையில் முழுச் சாவி கொடுத்து, காதருகே வைத்து, கடைசிவரை ஓடவிடுங்கள். சத்தம் ஒரே சீராக வர வேண்டும். இழுத்து இழுத்து ஓடினால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கிறது, சர்வீஸ் செலவு நிச்சயம். லென்ஸ் தட்டைத் திருப்பினால் ஒவ்வொரு லென்ஸும் 'டக்' என்று உட்கார வேண்டும். மூன்றையும் கழற்றி, போன் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். மும்பை மழைக்காலத்துக்குத் தப்பிய லென்ஸ் குறைவு. சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை. விலையைக் கணிசமாகக் குறைக்கச் சொல்லுங்கள். பில்லில் மாடல், சீரியல் எண், 'ஓடும் நிலை' என்று எழுதி வாங்குவது முக்கியம்.

சதாபிஷேகத்துக்கு? ஃபோமா சுருளின் ஒளி உணர்திறன் 100 ஐஎஸ்ஓதான். மண்டபத்துக்குள் ஹோமம் எடுக்க வெளிச்சம் போதாது. வாசலில் வெயிலில் அப்பா அம்மா நிற்பது அழகாக வரும். இப்போதே ஒரு சுருள் எடுத்துக் கழுவிப் பாருங்கள். விசேஷத்தன்று போனில் எடுக்கவும் ஒருவரை நிறுத்திவிடுங்கள்.